இரண்டு முறை தோற்று வென்ற கோப்பை: 1955-56 ஐரோப்பியக் கோப்பை வழியாக நாக் அவுட் முறை

1955-56 பருவத்தில் முதன்முறையாக நடந்த ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணி மொத்தம் 7 ஆட்டங்கள் ஆடி, அவற்றுள் இரண்டில் தோற்றது. பிரான்சின் ரீம்ஸ் அணியும் 7 ஆட்டங்கள் ஆடியது; ஆனால் முதல் ஆறில் ஒன்றில்கூட அது தோற்கவில்லை. இருந்தும் கோப்பை மாட்ரிட்டுக்குத்தான் போனது. தோற்றால் வெளியேற வேண்டும் என்பதே நாக் அவுட் போட்டியின் பொருள் என்று அறிந்து வைத்திருப்பவருக்கு இது முரணாகத் தோன்றும். ஐரோப்பியக் கழகக் கால்பந்தில் வழங்கும் நாக் அவுட் முறை நாம் பள்ளி மைதானங்களில் பார்த்த நாக் அவுட்டிலிருந்து சற்று வேறுபட்டது என்பதும், அந்த வேறுபாடே அந்தப் போட்டிக்குச் சுவை கூட்டுகிறது என்பதும் அந்த ஒரு பருவத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்தால் தெளிவாகும். இன்று சாம்பியன்ஸ் லீக் என்ற பெயரில் நடப்பது அதே போட்டியின் தொடர்ச்சிதான்.

முதலில் லீக் முறையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். லீக்கில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆடும்; வெற்றிக்கும் சமநிலைக்கும் புள்ளிகள் தரப்படும்; பருவத்தின் முடிவில் அதிகப் புள்ளிகள் பெற்றிருக்கும் அணி பட்டம் பெறும். 16 அணிகள் கொண்ட ஒரு லீக்கில் ஒவ்வோர் அணியும் மற்றொன்றைச் சொந்த மைதானத்தில் ஒரு முறையும் எதிரணியின் மைதானத்தில் ஒரு முறையும் சந்தித்தால் 240 ஆட்டங்கள் தேவைப்படும். நாக் அவுட்டில் அணிகள் இணை இணையாக மோதுகின்றன; இணையில் ஒன்று அடுத்த சுற்றுக்குப் போக, மற்றது வீடு திரும்புகிறது. 16 என்பது 8 ஆகி, 8 என்பது 4 ஆகி, இறுதியில் இரண்டு அணிகள் மிஞ்சுகின்றன. ஒவ்வொரு மோதலும் ஓர் அணியை மட்டுமே வெளியேற்றுவதால், 16 அணிகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை வெளியேற்ற 15 மோதல்கள் போதும். அணிகளின் எண்ணிக்கை எதுவானாலும் அதைவிட ஒன்று குறைவான மோதல்களில் வெற்றியாளர் தெரிந்துவிடுவார்.

உள்நாட்டு லீக்கில் வாரந்தோறும் ஆடிக்கொண்டிருக்கும் அணிகளுக்கு இடையே, பயணமும் செலவும் கூடிய அக்காலத்தில், ஒரு கண்டம் முழுவதற்குமான போட்டியை நடத்த வேண்டுமானால் இப்படிச் சுருங்கிய ஒரு முறைதான் ஏற்றதாக இருந்திருக்க முடியும். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. ஒரே ஓர் ஆட்டத்தில் முடிவு செய்வதென்றால், அந்த ஆட்டம் யாருடைய மைதானத்தில் நடக்கிறது என்பது மிகப் பெரிய விஷயமாகிவிடும். பழகிய தரை, ஆதரவாளர்களின் ஆரவாரம், பயணக் களைப்பின்மை ஆகிய அனைத்தும் உள்ளூர் அணிக்குச் சாதகமானவை. ஒரே நாட்டுக்குள் பொறுத்துக்கொள்ளக்கூடிய இந்தச் சாதகம், லிஸ்பனிலிருந்து பெல்கிரேடுக்குப் போய் ஆடும் அணிக்குப் பன்மடங்கு பாதகமாகிவிடும்.

இதற்குக் கண்ட தீர்வுதான் இரு ஆட்ட மோதல். இரண்டு அணிகளும் தத்தம் மைதானத்தில் ஒவ்வோர் ஆட்டம் ஆடும். இரண்டு ஆட்டங்களிலும் அடித்த கோல்களைக் கூட்டி, மொத்தக் கணக்கில் முந்தியிருக்கும் அணி முன்னேறும். ஒருவகையில் இது 90 நிமிட ஆட்டங்கள் இரண்டு அன்று. நடுவே சில வாரங்கள் இடைவெளி விட்டு, இடையில் ஊரும் மாறுகிற 180 நிமிட ஆட்டம் ஒன்று. அந்த நோக்கில் பார்த்தால், இரண்டாம் ஆட்டத்தில் ஓர் அணி தோற்றது என்று சொல்வது, ஒரு சாதாரண ஆட்டத்தின் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அதில் அந்த அணி தோற்றது என்று சொல்வதற்குச் சமம். இந்த முறை 1955-ல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. மத்திய ஐரோப்பியக் கழகங்களுக்காக 1927-ல் தொடங்கிய மிட்ரோபா கோப்பையில் இது ஏற்கெனவே வழக்கத்தில் இருந்தது. அங்கே இறுதி மோதல்கூட இரு ஆட்டங்களாகவே நடந்தது.

ஐரோப்பா முழுவதற்குமான ஒரு கோப்பை தோன்றியதற்கு உடனடிக் காரணம் ஒரு பெருமைப் பேச்சு. 1954 டிசம்பர் 13 அன்று இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் (சுருக்கமாக வுல்வ்ஸ்) அணி, ஃபெரென்ஸ் புஷ்காஷ் ஆடிய ஹங்கேரியின் ஹோன்வேட் அணியை மின்விளக்கு வெளிச்சத்தில் நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில், இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்து மீண்டு, 3-2 என்று வென்றது. உடனே ஆங்கிலப் பத்திரிகைகள் உலகின் தலைசிறந்த கழகம் வுல்வ்ஸ்தான் என்று எழுதின. பாரிசில் லெகிப் விளையாட்டு நாளிதழின் ஆசிரியர்களுள் ஒருவராக இருந்த, முன்பு பிரான்சு அணிக்கு ஆடியவருமான கப்ரியேல் ஹனோ இதை ஏற்கவில்லை. வுல்வ்ஸ் முதலில் மாஸ்கோவுக்கும் புடாபெஸ்ட்டுக்கும் போய் ஆடட்டும், மிலானும் ரியல் மாட்ரிட்டும் இருக்கின்றனவே என்ற பொருள்பட அவர் எழுதினார். சொந்த மைதானத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில் பெற்ற வெற்றி எதையும் நிறுவிவிடாது என்பதே அவர் வாதத்தின் சாரம் என்பதைக் கவனித்தால், பின்னர் அவரும் அவருடைய சக பத்திரிகையாளர் ஜாக் ஃபெரானும் முன்வைத்த திட்டம் ஏன் இரு ஆட்ட முறையை அடிப்படையாகக் கொண்டது என்பது விளங்கும்.

1955 ஏப்ரல் தொடக்கத்தில் லெகிப் நாளிதழ் கழகங்களின் பிரதிநிதிகளைப் பாரிசில் கூட்டியது. ரியல் மாட்ரிட்டின் தலைவர் சாந்தியாகோ பெர்னபேயு இதில் பேரார்வம் காட்டியவர்களுள் ஒருவர். 1954 ஜூனில்தான் பிறந்திருந்த ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியமான யூஃபா முதலில் தயங்கியது. உலக அமைப்பான ஃபிஃபா, போட்டியை யூஃபாவே ஏற்று நடத்த வேண்டும் என்று சொன்ன பிறகுதான் காரியம் நகர்ந்தது. ஒரு நாளிதழின் முயற்சி இல்லாவிட்டால், அதிகாரபூர்வ அமைப்புகள் தாமாக இதைத் தொடங்க இன்னும் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருக்கும் என்றே தோன்றுகிறது.

போட்டியின் முழுப் பெயர் ஐரோப்பியச் சாம்பியன் கழகங்களின் கோப்பை என்றிருந்தாலும், அந்த முதல் பருவத்தில் ஆடியவை அனைத்தும் தத்தம் நாட்டுச் சாம்பியன்கள் அல்ல. ரசிகர்களை ஈர்க்கக்கூடியவை என்று அமைப்பாளர்கள் கருதிய கழகங்களுக்கே அழைப்பு போனது. போர்ச்சுகலில் அவ்வாண்டு லீக்கை வென்றது பென்ஃபிகா, அழைக்கப்பட்டது ஸ்போர்ட்டிங். ஸ்காட்லாந்தின் சாம்பியன் அபர்தீன். ஆடப் போனது எடின்பரோவின் ஹிபர்னியன். இங்கிலாந்தின் சாம்பியனான செல்சி அழைப்பை ஏற்றிருந்தும், உள்நாட்டு ஆட்டங்களுக்கு இடையூறு வரும் என்று ஃபுட்பால் லீக் நிர்வாகம் கொடுத்த அழுத்தத்தால் விலகிக்கொள்ள, போலந்தின் க்வார்டியா வார்சா அதன் இடத்தைப் பெற்றது. யாருடைய பெருமைப் பேச்சு இந்தப் போட்டியைத் தூண்டியதோ, அந்த நாட்டிலிருந்து ஓர் அணியும் இல்லை. முதல் சுற்றின் இணைகளும் இன்றுபோல் குலுக்கலில் அமையவில்லை. அமைப்பாளர்களே யார் யாரோடு மோதுவது என்று முடிவு செய்தனர்.

முதல் ஆட்டம் 1955 செப்டம்பர் 4 அன்று லிஸ்பனில் நடந்தது. ஸ்போர்ட்டிங்கும் யுகோஸ்லாவியாவின் பார்ட்டிசானும் 3-3 என்று சமநிலையில் முடித்தன. அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே முதல் கோலை அடித்தவர் ஸ்போர்ட்டிங்கின் ஜொவாவ் மார்ட்டின்ஸ். பெல்கிரேடில் நடந்த மறு ஆட்டத்தில் மிலோஷ் மிலுத்தினோவிச் நான்கு கோல்கள் அடிக்க, பார்ட்டிசான் 5-2 என்று வென்றது. இரண்டையும் கூட்டினால் 8-5. இந்த மொத்தக் கணக்குதான் முக்கியமானது. நாளிதழிலோ தொலைக்காட்சியிலோ இத்தகைய மோதலின் முடிவைப் பார்க்கும்போது, அன்றைய ஆட்டத்தின் கணக்கோடு மொத்தக் கணக்கையும் சேர்த்துத் தேட வேண்டும்.

முதல் ஆட்டத்தின் வெற்றி எவ்வளவு உறுதியற்றது என்பதை அதே சுற்றில் சார்ப்ரூக்கன் உணர்ந்தது. இன்று ஜெர்மனியின் ஒரு மாநிலமாக இருக்கும் சார்லாந்து அப்போது பிரான்சின் பாதுகாப்பின் கீழ் இருந்தது. தனக்கெனத் தனிக் கால்பந்துச் சங்கமும் வைத்திருந்தது. அந்தச் சிறு நிலப்பகுதியின் கழகம் நவம்பர் 1 அன்று மிலான் நகருக்கே போய், நார்டால், ஸ்கியாஃபீனோ போன்ற உலகப் புகழ் பெற்ற வீரர்களை வைத்திருந்த ஏசி மிலானை 4-3 என்று வீழ்த்தியது. லீக்காக இருந்திருந்தால் அந்த வெற்றியின் புள்ளிகள் யாராலும் பறிக்க முடியாதபடி அட்டவணையில் ஏறியிருக்கும். இங்கோ அது ஒரு கோல் முன்னிலை மட்டுமே. மூன்று வாரங்கள் கழித்துச் சார்ப்ரூக்கனில் நடந்த மறு ஆட்டத்தில் மிலான் 4-1 என்று வென்று, 7-5 என்ற மொத்தக் கணக்கில் முன்னேறியது. இரண்டு அணிகளுமே சொந்த மண்ணில் தோற்ற அரிய மோதல் அது.

லீக்கில் 1-0 என்று வென்றாலும் 6-0 என்று வென்றாலும் கிடைக்கும் புள்ளிகள் ஒன்றே. இரு ஆட்ட மோதலில் ஒவ்வொரு கோலும் அடுத்த ஆட்டத்துக்குத் தன் எடையைச் சுமந்து செல்கிறது. ஆகவே, மூன்று கோல்கள் முந்தியிருக்கும் அணி நான்காவது கோலுக்காகத் தொடர்ந்து முயல்வது பேராசையாகாது. மூன்று கோல்கள் பின்தங்கியிருக்கும் அணி கடைசி நிமிடத்தில் ஒன்றைத் திருப்பி அடித்துவிட்டுக் கொண்டாடுவதும் அசட்டுத்தனமாகாது. ராபிட் வியன்னா தன் ஊரில் பிஎஸ்வி ஐந்தோவனை 6-1 என்று வென்றுவிட்டதால், ஐந்தோவனில் 0-1 என்று தோற்றது அதற்கு எந்தச் சேதத்தையும் விளைவிக்கவில்லை. முதல் சுற்றின் மற்ற முடிவுகளில் பெரிய பதற்றம் எதுவும் இல்லை. ரியல் மாட்ரிட் சுவிட்சர்லாந்தின் செர்வெத் அணியை 7-0 என்றும், ரீம்ஸ் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் அணியை 4-2 என்றும் மொத்தக் கணக்கில் கடந்தன.

காலிறுதியில்தான் ரியல் மாட்ரிட்டின் முதல் தோல்வி வருகிறது. 1955-ன் கிறிஸ்துமஸ் நாளன்று மாட்ரிட்டில் நடந்த முதல் ஆட்டத்தில் அது பார்ட்டிசானை 4-0 என்று வென்றது. பிராங்கோவின் ஸ்பெயினுக்கும் டிட்டோவின் யுகோஸ்லாவியாவுக்கும் இடையே தூதரக உறவே இல்லாத காலத்தில் நடந்த ஆட்டம் அது. 1956 ஜனவரி இறுதியில் மாட்ரிட் அணி பெல்கிரேடுக்குச் சென்றபோது மைதானத்தைப் பனி மூடியிருந்தது. நான்கு கோல்கள் பின்தங்கிய நிலையில் தொடங்கும் பார்ட்டிசானின் கணக்கு இதுதான்: சமநிலைக்கு வரவே நான்கு கோல்கள் வேண்டும், முன்னேற ஐந்து வேண்டும், அதுவும் எதிரணி ஒன்றும் அடிக்காதிருந்தால். மாட்ரிட்டின் கணக்கோ எளிது: மூன்று கோல்கள் வரை இழக்கலாம். பனியில் கால் பதிக்கவே தடுமாறிய ஸ்பானிய வீரர்கள் அந்த எல்லையை முழுவதுமாகப் பயன்படுத்திக்கொண்டனர். பார்ட்டிசான் 3-0 என்று வென்றது. மாட்ரிட் 4-3 என்ற மொத்தக் கணக்கில் முன்னேறியது. அன்று பெல்கிரேடில் மாட்ரிட் நன்றாக ஆடியது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கிறிஸ்துமஸ் நாளன்று அடித்த நான்காவது கோலின் மதிப்பு ஜனவரியில்தான் தெரிந்தது. இந்தப் போட்டி முறையை ஒரே ஒரு மோதலைக் கொண்டு யாருக்கேனும் விளக்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆட்டத்தின் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலோ, ரீம்ஸும் ஹங்கேரியின் வோரோஷ் லொபோகோவும் மோதியதைச் சொல்லலாம். எம்டிகே என்ற பெயரில் இன்று அறியப்படும் அந்தப் புடாபெஸ்ட் கழகம் முதல் சுற்றில் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்டை 10-4 என்ற மொத்தக் கணக்கில் நொறுக்கியிருந்தது. 1950-களின் ஹங்கேரியக் கால்பந்து எப்படிப்பட்டது என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. ரீம்ஸ் தன் முதல் ஆட்டத்தை 4-2 என்று வென்று, புடாபெஸ்ட்டில் 4-4 என்று சமநிலை கண்டது. 180 நிமிடங்களில் 14 கோல்கள். மறு ஆட்டத்தில் முன்னிலையைக் காக்கப் போகும் அணி கதவைச் சாத்திக்கொண்டு தடுப்பாட்டம் ஆடும் என்பது பிற்காலத்து வழக்கம். இந்தப் பருவத்தில் அந்தப் பழக்கம் இன்னும் ஊன்றவில்லை. மொத்தம் நடந்த 29 ஆட்டங்களில் 127 கோல்கள் விழுந்தன. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு நான்குக்கும் மேல். கோல் எதுவும் விழாத ஆட்டம், முதல் சுற்றில் ஸ்வீடனின் யூர்கோர்டனும் க்வார்டியா வார்சாவும் ஆடிய ஒன்று மட்டுமே.

சொந்த மைதானம் என்பது எப்போதும் சொந்த ஊரையே குறிப்பதில்லை என்பதற்கும் அந்தக் காலிறுதியில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஸ்வீடனின் குளிர்காலத்தில் ஆட முடியாததால், யூர்கோர்டன் அணி தன் சொந்த மைதான ஆட்டத்தையும் எதிரணியான ஹிபர்னியனின் நாட்டிலேயே, கிளாஸ்கோவில் ஆட வேண்டியதாயிற்று. இரண்டு ஆட்டங்களும் ஸ்காட்லாந்திலேயே நடக்க, 3-1, 1-0 என்ற கணக்குகளில் ஹிபர்னியன் வென்றது. இரு ஆட்ட முறை எந்தச் சமன்பாட்டுக்காக ஏற்பட்டதோ அந்தச் சமன்பாடு வானிலையால் குலைந்துபோன மோதல் அது. ரீம்ஸ் கழகமோ பெரிய ஆட்டங்களைத் தன் ஊரில் ஆடாமல், ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பாரிசின் பார்க் தெ பிரின்ஸ் மைதானத்தில் ஆடியது. கூட்டமும் வருவாயும் அங்கேதான் அதிகம். மற்றொரு காலிறுதியில் மிலான், வியன்னாவில் 1-1 என்று சமநிலை கண்டு, சொந்த மைதானத்தில் ராபிட்டை 7-2 என்று வென்றது.

அரையிறுதியில் ரீம்ஸ் ஹிபர்னியனை 2-0, 1-0 என்று இரண்டு ஆட்டங்களிலும் வென்று எந்தச் சிக்கலும் இன்றி இறுதிக்குப் போனது. மற்ற அரையிறுதி அப்படியன்று. ஏப்ரல் 19 அன்று மாட்ரிட்டில் ரியல் மாட்ரிட் மிலானை 4-2 என்று வென்றது. மே 1 அன்று மிலானில் 1-2 என்று தோற்றது. மொத்தக் கணக்கு 5-4. பெல்கிரேடைப் போலவே இங்கும் ஒரே ஒரு கோல் வித்தியாசம். ஆக, ரியல் மாட்ரிட் தோற்ற ஆட்டங்கள் இரண்டுமே முன்னிலையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணியின் மைதானத்தில் ஆடிய மறு ஆட்டங்கள். அந்தத் தோல்விகள் ஒவ்வொன்றும் எத்தனை கோல் வித்தியாசம் வரை தாங்கப்படும் என்பது ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அதற்குத் தெரிந்திருந்தது.

இறுதி ஆட்டத்தில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. கோப்பையின் இறுதி ஒரே ஆட்டம். 1956 ஜூன் 13 அன்று, போட்டியைப் படைத்த நாளிதழின் ஊரான பாரிசில், பார்க் தெ பிரின்ஸ் மைதானத்தில், 38,000-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் முன்னிலையில் அது நடந்தது. இரு தரப்புக்கும் பொதுவான மைதானத்தில் இறுதி ஆட்டம் நடப்பதே நியாயம் என்ற பிற்கால நோக்கில் பார்த்தால், ரீம்ஸுக்கு இது பெரும் வாய்ப்பு. அரையிறுதியில் ஹிபர்னியனை அது வென்ற அதே மைதானம். சுற்றிலும் பிரெஞ்சு ரசிகர்கள். ஆனால் மாட்ரிட்டுக்கும் அந்த மைதானம் புதிதன்று. முந்தைய ஆண்டு ஜூனில், தென்மேற்கு ஐரோப்பிய நாடுகளின் சாம்பியன்களுக்கிடையே நடந்த லத்தீன் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அங்கேயே ரீம்ஸை 2-0 என்று அது வென்றிருந்தது.

ஆல்பர்ட் பத்தோ பயிற்றுவித்த ரீம்ஸ் குறுகிய துல்லியமான பந்துக் கடத்தலுக்குப் பெயர் பெற்ற அணி. அதன் மூளையாக ரேமண்ட் கோபா இருந்தார். அடுத்த பருவத்தில் அதே ரியல் மாட்ரிட்டில் சேருவதற்கு அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார் என்பது அந்த இறுதி ஆட்டத்தின் விசித்திரங்களுள் ஒன்று. ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடங்களுக்குள் மிஷேல் லெப்லோனும் ஜான் டெம்ப்ளினும் ஆளுக்கொரு கோல் அடித்து ரீம்ஸை 2-0 என்று முன்னிறுத்தினர். 14-ஆம் நிமிடத்தில் ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோ ஒன்றைத் திருப்பினார். 30-ஆம் நிமிடத்தில் எக்டர் ரியால் சமன் செய்தார். இடைவேளைக்குப் பின் 62-ஆம் நிமிடத்தில் மிஷேல் இடால்கோ மீண்டும் ரீம்ஸை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் 1984-ல் பிரான்சை ஐரோப்பியச் சாம்பியனாக்கிய பயிற்சியாளர் இவரே. ஐந்து நிமிடங்களில் தடுப்பாட்டக்காரரான மார்கிட்டோஸ் எதிரணியின் கோல் வரை முன்னேறிச் சமன் செய்தார். 79-ஆம் நிமிடத்தில் ரியால் தன் இரண்டாவது கோலை அடிக்க, 4-3 என்ற கணக்கில் முதல் ஐரோப்பியக் கோப்பை ரியல் மாட்ரிட்டுக்குச் சொந்தமாயிற்று. மாற்று ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லாத காலம் அது; தொடங்கிய 11 பேரே முடித்தாக வேண்டும்.

ரீம்ஸின் தோல்வியில் இந்த முறையின் கடுமை தெரிகிறது. ஆறு ஆட்டங்களில் நான்கு வெற்றி, இரண்டு சமநிலை என்று வந்த அணி, தோற்றால் திருத்திக்கொள்ள மறு ஆட்டம் இல்லாத ஒரே இடத்தில் தோற்றது. மாட்ரிட்டின் இரு தோல்விகளும் திருத்தம் முன்கூட்டியே செய்யப்பட்டிருந்த இடங்களில் நேர்ந்தன. இதை வைத்து மாட்ரிட்டின் வெற்றியைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. இரு முறை பின்தங்கியும் நான்கு கோல்கள் அடித்துத்தான் அது வென்றது. கோபா ஒப்புக்கொண்டபடி மாட்ரிட் சென்று, அடுத்து வந்த மூன்று கோப்பைகளையும் அந்த அணியோடு வென்றார். அவற்றுள் 1959-ன் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது ரீம்ஸ்.

அந்தப் பருவம் ஒரு சிக்கலையும் விட்டுச் சென்றது. ஐரோப்பாவை வென்ற ரியல் மாட்ரிட் அதே ஆண்டில் ஸ்பானிய லீக்கில் மூன்றாம் இடமே பெற்றிருந்தது. சாம்பியன் பட்டம் அத்லெடிக் பில்பாவோவுக்குப் போயிருந்தது. கோப்பையை வைத்திருக்கும் அணியே அடுத்த போட்டியில் ஆட முடியாமல் போவது பொருத்தமாகத் தோன்றாததால், நடப்புச் சாம்பியனுக்குத் தனி இடம் கொடுத்து ஸ்பெயினிலிருந்து இரண்டு அணிகளையும் 1956-57 போட்டியில் சேர்த்தனர். கோப்பையை வென்றவருக்கு அடுத்த பருவத்தில் இடம் உறுதி என்ற வழக்கம் இங்கிருந்து வருகிறது.

இதுவரை ஒரு கேள்வியைத் தொடாமல் வந்திருக்கிறோம்: இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகு மொத்தக் கணக்கும் சமமாக இருந்தால் என்ன செய்வது? 1955-56-ல் இந்த நிலை ஒரு முறைகூட வரவில்லை. அடுத்த பருவத்திலேயே வந்தது. சிக்கியதும் ரியல் மாட்ரிட்டேதான். முதல் ஆட்டத்தில் மாட்ரிட்டில் ராபிட் வியன்னாவை 4-2 என்று வென்ற அது, வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஹாப்பெல் என்ற தடுப்பாட்டக்காரர் அடித்த மூன்று கோல்களால் 1-3 என்று தோற்றது. மொத்தம் 5-5. அக்கால வழக்கப்படி மூன்றாவது ஆட்டம் ஒன்று, அதுவும் மாட்ரிட்டிலேயே, நடத்தப்பட்டது. அதில் 2-0 என்று வென்று தப்பிய ரியல் மாட்ரிட் அந்த ஆண்டும் கோப்பையைக் கைப்பற்றி, 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது.

மூன்றாவது ஆட்டத்துக்கு நாள் தேடுவது கடினம். அதுவும் சமநிலையில் முடிந்தால் நிலைமை இன்னும் மோசம். 1965-ல் லிவர்பூலும் மேற்கு ஜெர்மனியின் கோல்ன் அணியும் காலிறுதியில் இரு முறை 0-0 என்று முடித்து, ராட்டர்டாமில் நடந்த மூன்றாவது ஆட்டத்தையும் 2-2 என்று முடித்தன. முடிவைச் சுண்டி எறியும் வட்டிடம் ஒப்படைத்தார்கள். முதல் முறை எறிந்தபோது அது சேற்றில் விளிம்பு ஊன்றி நின்றுவிட்டது. இரண்டாம் முறை எறிந்த பிறகே லிவர்பூல் அரையிறுதிக்குப் போனது. 300 நிமிடங்கள் ஆடிய ஆட்டத்துக்கு இப்படியொரு தீர்ப்பு என்பதை எந்த ரசிகராலும் ஏற்க முடியாது.

அதே 1965-ன் இலையுதிர் காலத்தில், உள்நாட்டுக் கோப்பைகளை வென்ற அணிகளுக்கான சகோதரப் போட்டியில் ஒரு புதிய விதி நுழைந்தது. மொத்தக் கணக்கு சமமானால், எதிரணி மைதானத்தில் அதிகக் கோல்கள் அடித்த அணி முன்னேறும். ஐரோப்பியக் கோப்பையும் சில ஆண்டுகளில் இதை ஏற்றது. 1970 முதல் நாணயம் சுண்டுவதற்குப் பதிலாகப் பெனால்டி உதைகள் வந்தன. வெளியூரில் ஆடும் அணி அஞ்சி ஒடுங்காமல் கோலுக்கு முயல வேண்டும் என்பது எதிரணி மைதானக் கோல் விதியின் நோக்கம். காலப்போக்கில் அதற்கு நேர்மாறான விளைவும் தோன்றியது. முதல் ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் ஆடும் அணி, தான் அடிப்பதைவிட எதிரணியை அடிக்கவிடாதிருப்பதையே பெரிதாக நினைக்கத் தொடங்கியது. இத்தகைய காரணங்களை முன்வைத்து யூஃபா 2021-22 பருவம் முதல் அந்த விதியை நீக்கிவிட்டது. இப்போது 36 அணிகள் லீக் கட்டத்தில் ஆடிய பிறகே நாக் அவுட் தொடங்குகிறது என்றாலும், நாக் அவுட் கட்டத்தில் இரு ஆட்ட மோதலும் மொத்தக் கணக்கும் ஒற்றை இறுதி ஆட்டமும் 1955-ல் இருந்தபடியே இருக்கின்றன. கணக்கு சமமானால் மறு ஆட்டத்தின் முடிவிலேயே 30 நிமிடக் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் பெனால்டி உதைகளும் தொடரும்.

ராபிட் வியன்னாவின் அந்த 5-5 மோதலுக்கு இந்த விதிகளைப் பொருத்திப் பார்ப்பது நல்ல பயிற்சி. எதிரணி மைதானக் கோல் விதி அப்போது இருந்திருந்தால், மாட்ரிட்டில் இரண்டு கோல்கள் அடித்த ராபிட், வியன்னாவில் ஒன்று மட்டுமே அடித்த ரியல் மாட்ரிட்டை வெளியேற்றியிருக்கும். இன்றைய விதி இருந்திருந்தால், ஹாப்பெலின் மூன்று கோல்களால் எழுச்சி பெற்றிருந்த வியன்னா மைதானத்திலேயே ஆட்டம் இன்னும் 30 நிமிடங்கள் நீண்டிருக்கும். தொடர்ந்து ஐந்து கோப்பைகள் என்று இன்றும் பேசப்படும் ரியல் மாட்ரிட்டின் வரலாறு பாரிசில் வென்ற அந்த ஒன்றோடு நின்றுபோயிருக்கவும் கூடும்.